நாலரை அங்குலம்

சுவரின் கதையை ஜிப்ரி பாதி சொல்லியிருந்தபோது காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எதிரே ஆறு ஜெர்மன்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழரை மணி வெயில் சுவரின் மேல் விளிம்பில் அப்போதுதான் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே ஹோட்டலில் கட்டடம் சுற்றிக்காட்டுவதை ஏழேகாலுக்கு வைத்திருந்தார்கள். அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. அது ஓய்ந்து, மறுபடியும் அதிர்ந்தது.

"லலந்த எகொடவெல ஒரு மழை நாளில் இந்த இடத்தில்தான் நின்றார்," என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தான். "மலை நேராக நிற்கவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாய்ந்த மலைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் நேராக நின்றால் அது பொய் சொல்வதுபோல இருக்கும் என்று நினைத்தார். அதனால் சுவரை மலைப் பக்கம் சாய்த்தார். நாலரை அங்குலம்."

இந்த இடத்தில் அவன் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவான். விருந்தினர்களில் யாராவது ஒருவர் போய்ச் சுவரைத் தொடுவார். இன்றைக்கும் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தொலைபேசி மூன்றாம் முறையும் அதிரவே, அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அரலி மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். அக்காவின் கணவர் முஸம்மில்தான்.

"மச்சான், எங்க நிக்கிறீங்க?"

"வேலையில."

"வாப்பா மௌத்தாகிட்டாங்க."

ஜிப்ரி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"சுபஹ் தொழுதிட்டு வந்து தேத்தண்ணி குடிச்சிருக்காங்க. குடிச்சிட்டு கதிரையில சாஞ்சவங்கதான். உம்மா போய் கூப்பிட்டா எழும்பல்ல. டொக்டரக் கூட்டிட்டு வந்து காட்டினோம். முடிஞ்சு ஒரு மணித்தியாலம் இருக்கும்னு சொன்னார்."

"சரி," என்றான் ஜிப்ரி. இன்னொரு முறையும் "சரி" என்றான்.

திரும்பி வந்தபோது சுவரின் தடிப்பு எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். அடியில் பதினாலு அங்குலம், மேலே பத்து என்று சொன்னான். நீச்சல் தடாகத்துப் பக்கம் கோப்பி தயாராக இருக்கும் என்றான். அவர்கள் போகும்வரை பார்த்து நின்றுவிட்டுத்தான் முகாமையாளரின் அறைக்குப் போனான்.

நாவுலைக்கு மேலே, மலையடியில் இருக்கும் அந்தக் கல்வெவ ஹோட்டலில் அவனுக்கு இது பதின்மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடம் அறைகளுக்குப் பெட்டி தூக்கினான். ஆங்கிலம் வாயில் படிந்த பிறகு, விருந்தினர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் படம் போடுவதும் அவன் பொறுப்புத்தான். லலந்த எகொடவெல என்ற கட்டடக் கலைஞரைப் பற்றி மூன்று ஆவணப்படங்கள் இருந்தன. ஹோட்டல் கட்டி முடியும் சமயத்தில் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி எடுத்தது ஒன்று. அவருக்குப் பெரிய விருது கிடைத்த வருடம் எடுத்தது ஒன்று. மூன்றாவது படம் அவருடைய எல்லாக் கட்டடங்களையும் காட்டும்: கொழும்பில் ஒரு நூலகம், தென்கரையில் ஒரு வீடு, வெளிநாட்டில் மரத்தால் செய்த ஒரு சிற்றாலயம். மூன்றிலும் அந்தச் சுவர் வரும். மூன்றிலும் லலந்த ஸேர் அதன் முன்னால் நின்று அதே மழை நாள் கதையைச் சொல்வார். முதல் படத்தில் அவருடைய தலைமயிர் கறுப்பு, இரண்டாவதில் சாம்பல், மூன்றாவதில் பஞ்சு வெள்ளை. கதை மட்டும் நரைக்கவில்லை. எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு எடுப்பார், எங்கே கண்ணைச் சிறிதாக்கிக்கொள்வார் என்பதெல்லாம் ஜிப்ரிக்கு மனப்பாடம்.

சுவரைக் கட்டியது ஜிப்ரியின் வாப்பா, தலைமை மேசன் சாலிஹ் பாஸ். மூன்று படங்களிலும் அவர் இல்லை. முதல் படத்தின் பதினாலாவது நிமிடத்தில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் சாந்துத் தாச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கே நடந்து போவார். முதுகுதான் தெரியும். அது வாப்பாதான் என்று ஜிப்ரி சொல்வான். "நானில்ல," என்று சொல்லிவிட்டு வாப்பா எழும்பி வெளியே போய்விடுவார். வீட்டுத் தொலைக்காட்சியில் எப்போது அந்தப் படம் வந்தாலும் அவர் எழும்பிப் போனார். மழை நாள் கதை தொடங்குமுன்பே போய்விடுவார்.

முகாமையாளர் ஹோட்டல் வேனைக் கொடுத்தார். வேன் நாவுலைச் சந்தியில் ஏ-9 வீதியில் ஏறியதும், தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு மாத்தளைப் பக்கம் போகும் ஒரு லொறியின் பின்னால் மாட்டிக்கொண்டது. லொறியில் கோவா மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து வெளி இலைகள் காற்றில் பறந்தன. ஜிப்ரி அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தான். அழுகை வரும் என்று நினைத்தான். வேன் சாரதிக்கு முன்னால் அழக் கூடாது என்றுகூட ஆயத்தமாக இருந்தான். ஆனால் ஒன்றும் வரவில்லை. கோவா இலைகள் மட்டும் வந்து கண்ணாடியில் ஒட்டிவிட்டு விலகின.

மூன்று மாதங்களுக்கு முன்னால் இதே வீதியில்தான் அவனும் வாப்பாவும் பஸ்ஸில் திரும்பினார்கள்.

லலந்த ஸேரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நான்காவது படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. படக்குழுவில் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஷெனாலி என்று ஒரு பெண் வந்திருந்தாள். இயக்குநருக்கு உதவியாள். "அந்தச் சுவரக் கட்டினது எங்க வாப்பா, மிஸ்," என்று ஜிப்ரி அவளிடம் சொன்னான். பதினோரு வருடம் அந்தக் கதையைச் சொன்னவனுக்கு, வாப்பாவின் பெயரை அதற்குள் கொண்டுவர ஒரு இடம் கிடைத்ததுபோல இருந்தது. அவள் உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வாப்பா இரண்டு கிழமை மாட்டேன் என்றார். உம்மா மன்றாடித்தான் இணங்கினார். வெள்ளைச் சாரமும் கை நீளச் சட்டையும் தொப்பியுமாக வந்து, சுவருக்கு எதிரே போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தார். கமரா ஓடத் தொடங்கியது. "இந்தச் சுவரக் கட்டின நேரம் எப்படி இருந்திச்சு, அங்கிள்?" என்று ஷெனாலி கேட்டாள்.

வாப்பா சுவரைப் பார்த்தார். அடியிலிருந்து மேலே பார்த்தார், மேலிருந்து அடிவரை பார்த்தார். தலையைக் கொஞ்சம் சரித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை. கமராவுக்குப் பின்னால் நின்ற ஜிப்ரி, 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று உதட்டை அசைத்தான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, மகள்," என்று சொல்லிவிட்டு வாப்பா எழும்பிவிட்டார்.

பஸ்ஸில் ஜிப்ரிதான் பேசினான். "உங்களுக்காகத்தானே வாப்பா இவ்வளவும் செஞ்சேன். அத்தன பேருக்கு முன்னால என்னய முட்டாளாக்கிட்டீங்க. உலகமே அந்தச் சுவரப் பாத்து வாயப் பொளக்குது. கட்டினவங்க வாயில்லாப் பூச்சி மாதிரி எழும்பி வாறீங்க. ஸேருக்கு அவ்வளவு பயமா?"

வாப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மாத்தளையில் இறங்கும்போது, "கொடய மறந்திராத," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு லீவில் வீட்டுக்குப் போன நாட்களில் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் மட்டும் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

உக்குவளையில் வீட்டு ஒழுங்கைக்குள் வேன் போகவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்த பிளாஸ்டிக் கதிரைகள் ஒழுங்கையை அடைத்திருந்தன. ஆட்கள் எழும்பி வந்து அவனுடைய கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கையையும் அவன் திருப்பிப் பிடித்தான். உள்ளே கட்டிலில் வாப்பாவை வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். நாடியைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அக்கா முனவ்வரா அவனைக் கண்டதும் சத்தம் வராமல் அழுதாள். உம்மா மஸூதா அழவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தவர் கிதாபை மூடினார்.

"மொகத்தப் பாரு," என்றார்.

பார்த்தான். சவரம் செய்து இரண்டு நாளான முகம். தூங்குகிற முகம் மாதிரி இல்லை. தூங்கும்போது வாப்பாவின் நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்கும். அது இல்லை.

"நேத்து கேட்டாங்க, அவனுக்கு எப்ப லீவுன்னு. வெள்ளிக்கெழமன்னு சொன்னேன்."

"வேறென்ன சொன்னாங்க?"

"வேறெண்டா? ஒண்ணுமில்ல. குளியலறைக் கதவு இறுகுதுன்னு சொன்னாங்க."

பிறகு செய்ய வேண்டியவை வரிசையாக வந்தன. கிராம சேவகரிடம் போய்க் கடிதம் எடுத்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னான். அஸருக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. மையவாடியில் குழி வெட்டுகிறவர்களுக்கு இடம் காட்டினான். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் போதும் என்றிருந்தது. சொல்லாத நேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினொரு மணிக்கு வீட்டின் பின்பக்கம் நான்கு புறமும் விரிப்புகளைக் கட்டி மறைத்து, பள்ளிவாசல் பலகையில் வாப்பாவைக் கிடத்தினார்கள். மௌலவி சொல்லிக்கொடுத்தார். முஸம்மில் கையுறை போட்டுக்கொண்டு கழுவினான். தண்ணீர் ஊற்றுவது ஜிப்ரி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் இலந்தை இலை மிதந்தது. வலது பக்கம் முதலில் என்றார் மௌலவி. ஜிப்ரி வலது தோளில் ஊற்றினான். வாப்பாவின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. நாற்பது வருடம் அந்தத் தோளில்தான் சுமை ஏறியது. விரல் நுனிகளில் ரேகையே இல்லை. சீமெந்து தின்றுவிட்ட விரல்கள். அடையாள அட்டை எடுக்கிற இடத்தில் ரேகை பதியாமல் அவனும் வாப்பாவும் ஒருமுறை மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள்.

மனதுக்குள் கலிமா சொல்ல நினைத்தான். ஆனால் காதுக்குள் கேட்டது வேறு குரல். இரண்டாவது படத்தில் லலந்த ஸேர் சொல்வது: 'ஒரு கட்டடத்தில் பாரத்தைத் தாங்குவது தூண் அல்ல, வெளிச்சம்.' ஜிப்ரி கலிமாவைத் திரும்பத் தொடங்கினான். குரல் விடவில்லை. வெளிச்சம், நிழல், கல்லின் பொறுமை என்று ஆறு மணிப் படம் பகல் பதினொரு மணிக்கு அவனுக்குள் ஓடியது. அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"போதும், மச்சான்," என்று முஸம்மில் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான். "இடது பக்கம்."

கபன் துணி சுற்றி, கற்பூரமும் அத்தரும் வைத்து, உடலை முன் அறைக்குக் கொண்டுவந்த பிறகு ஜிப்ரி வெளியே வந்தான். ஒழுங்கை முனையில், கடைசிக் கதிரையில், கறுத்து மெலிந்த ஒரு மனிதர் குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. ஜிப்ரியைக் கண்டதும் எழும்பினார்.

"தம்பி, என்னய அடையாளம் தெரியுதா? ரபாயேல். பாஸோட கையாளா இருந்தேன், இருவது வருசம்."

தெரிந்தது. எல்கடுவ தோட்டத்து லயத்தில் பிறந்து, வஹகோட்டையில் கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டவர். நோன்புப் பெருநாளுக்கு வாப்பா தவறாமல் பெட்டி கட்டி அனுப்புகிற ரபாயேல். ஜிப்ரி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். யாரோ இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"போன மாசம் பேசினாங்க என்கிட்ட," என்றார் ரபாயேல். "மகன் கோவமா இருக்கான்னாங்க."

"நான் கோவமில்ல."

"படம் புடிக்கிறவங்ககிட்ட பேசல்லன்னு கோவமாம்."

ஜிப்ரி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "அந்தச் சுவரக் கட்டினது அவங்க, அண்ணே. ஒரு படத்திலயும் பேர் இல்ல. நான் என்ன கேட்டேன், ஒரு வார்த்ததானே. கட்டினது நான்தான்னு சொல்றதுக்கு என்ன?"

ரபாயேல் அவன் பக்கம் திரும்பினார்.

"பாஸ் உங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

"என்னத்த?"

"அந்தச் சுவர் பிழ, தம்பி."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், பாலில் தண்ணீர் என்று சொல்வதுபோல.

"நேரா நிக்கணும்னுதான் பிளான்ல இருந்திச்சு. மொத இருவது அடிக்கு பலக அடிச்சு, முட்டு குடுத்து வச்சிருந்தோம், கொங்கிரீட் போட. மொத நாள் ராவு நல்ல மழ. முட்டுக்கடியில மண்ணு எளகியிருக்கு. காலையில கலவ மெசினெல்லாம் ஓடத் தொடங்கியாச்சு. பாஸ் பஸ்ஸுல வந்து எறங்கினாங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்திச்சு. இஞ்சினியர் கேட்டார், தூக்குக்குண்டு போட்டுப் பாத்தாச்சா பாஸ்னு. பாத்தாச்சுன்னாங்க."

"பாக்கல்லியா?"

"எங்க பாக்க. நேரா வந்து நின்னாங்க. மூணு நாளா தூங்கல்ல. அந்தக் கெழமதானே நீங்க மாத்தள ஆஸ்பத்திரியில கெடந்தீங்க, காய்ச்சல்ல. ராவெல்லாம் அங்க, பகல்ல இங்க."

ஜிப்ரிக்குப் பதினொரு வயது அப்போது. நெருப்புக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது அவனுக்கு ஒழுங்காக நினைவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சீமெந்து மணம் இருந்தது மட்டும் நினைவிருந்தது. அந்த மணம் ஆஸ்பத்திரியுடையது என்று வெகு நாள் நினைத்திருந்தான்.

"பலகயக் கழட்டின அன்னைக்கு எல்லாரும் வாயடச்சு நின்னோம். நூல் போட்டுப் பாத்தா நாலரை அங்குலம் மலப் பக்கம் சாஞ்சிருக்கு. பாஸ் கீழ ஒக்காந்துட்டாங்க. பின்னேரம் ஸேர் வந்தார். மழ தூறிக்கிட்டிருந்திச்சு. கொடயப் புடிச்சிக்கிட்டு ஒரு மணித்தியாலம் சுவரப் பாத்தார், மலயப் பாத்தார். யார் செஞ்சதுன்னார். பாஸ் முன்னால போய், நான்தான் ஸேர், ஒடச்சிட்டு திரும்பக் கட்டித் தாறேன்னாங்க. தொட வேணாம்னுட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மிச்ச அறுவது அடியும் இதே மாதிரி சாய்ச்சுக் கட்டுன்னார். அளவு வச்சு, அடிக்கு அடி பாத்து, அந்த நாலரை அங்குலம் கூடாம கொறயாம கட்டினோம். பிழையா கட்டுறதுக்கு இவ்வளவு கவனமா வேல செஞ்ச மேசன் இந்த ஊருலகத்துல வேற இருக்க மாட்டான்." ரபாயேல் சிரிக்கப் பார்த்தார். "வேல முடியிற வரைக்கும் பாஸ் ராவு சாப்பாடு ஒழுங்கா சாப்பிடல்ல."

"ஆனா எல்லாரும் அழகுன்னுதானே சொல்றாங்க."

"நானும் அதத்தான் சொன்னேன். அழகாத்தானே இருக்கு பாஸ், விடுங்கன்னு. அந்தாளு ஒரு வார்த்த ஏசியிருந்தா நான் மறந்திருப்பேன் ரபாயேல்னாங்க. பொய் சொன்னது நானு, அத அவர் கதையாக்கி ஊரெல்லாம் சொல்றார், எப்ப முடியும் இதுன்னாங்க." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க அங்க சுத்திக்காட்டத் தொடங்கின அன்னைக்கும் பேசினாங்க. இப்ப மகனும் சொல்றான்னாங்க."

ஜிப்ரி பதினோரு வருடத்தைக் கணக்குப் போட முயன்றான். கிழமைக்கு ஐந்து நாள். ஒரு நாளைக்குச் சில வேளை இரண்டு தரம். கணக்கு ஓரிடத்தில் நழுவிப் போயிற்று, அவன் அதைப் பிடிக்கவில்லை.

"அந்த மொதப் படத்துல தாச்சி தூக்கிட்டுப் போறது வாப்பாதானே?" என்று கேட்டான்.

"அதுவா? அது நானு," என்றார் ரபாயேல்.

மூன்று மணிக்குப் பெண்கள் கடைசியாக முகம் பார்த்தார்கள். உம்மா குனிந்து எதையோ சொன்னார். ஜிப்ரிக்குக் கேட்கவில்லை. பிறகு சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். ஜிப்ரி முன்பக்கம், வலது தோளில். அக்காவின் அழுகை ஒழுங்கை திரும்பும்வரை கூடவே வந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகையும் ஜனாஸாத் தொழுகையும் முடிந்தன. மையவாடி பள்ளிக்குப் பின்னால் ஏறுகிற சரிவில் இருந்தது. ரபாயேல் வாசற்படலைவரை வந்து, அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார்.

குழி தயாராக இருந்தது. ஜிப்ரி உள்ளே இறங்கி வாப்பாவின் தலைப்பக்கத்தை வாங்கினான். எவ்வளவு இலேசாக இருந்தார் என்பது அவனுக்கு எந்த வியப்பையும் தரவில்லை. கிப்லாப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்து, கட்டுகளைத் தளர்த்தினான். நிமிர்ந்தபோது குழியின் பக்கச்சுவர் கண்ணுக்கு நேரே இருந்தது. செம்மண்ணில் மண்வெட்டி வெட்டிய தடங்கள் மேலிருந்து கீழே இறங்கின. அவன் தலையைக் கொஞ்சம் சரித்து, ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்தான். என்ன செய்கிறோம் என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்தான். மேலே முஸம்மில் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பலகைகளை அடுக்கினார்கள். ஜிப்ரி மூன்று பிடி மண் போட்டான். பிறகு மண்வெட்டிகள் வேலை செய்தன. மௌலவி தல்கீன் ஓதினார். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வளவில் யாரோ மிளகு காயப் போட்டிருந்தார்கள். அந்த மணம் சரிவு முழுக்க இருந்தது.

ஐந்தரை மணிக்கு ரபாயேலை வஹகோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஷெனாலி அழைத்தாள். ஹோட்டலில் கேள்விப்பட்டாளாம். கவலையாக இருக்கிறது என்றாள். வரமுடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"இந்த நேரத்துல கேக்கிறது சரியில்லதான் ஜிப்ரி. நாளைக்கு படத்த முடிச்சுக் குடுக்கணும். அங்கிள் அன்னைக்கு சுவரப் பாத்துக்கிட்டு இருந்தாங்களே, அந்த நாலு நிமிசம் எங்ககிட்ட இருக்கு. அத முழுசா போடணும்னு டிரெக்டர் சொல்றார். லலந்த ஸேரும் பாத்தார். பாத்துட்டு கண் கலங்கிட்டார்."

"என்ன சொன்னார்?"

"தான் செஞ்சத ஒரு மனுசன் இவ்வளவு அன்பா பாத்து நான் கண்டதில்லன்னார். அந்த வசனத்த அவர் குரல்லயே அந்த இடத்துல போடப் போறோம். வீட்டாக்கள் சம்மதம்னா மட்டும்தான். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒழுங்கையில் பள்ளிவாசல் கதிரைகளை இருவர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜிப்ரி ஓரமாக நின்றான். சொல்ல நினைத்தது இதுதான்: அந்த ஆள் அன்றைக்கு யார் செஞ்சதுன்னு கேட்டார், மிஸ். அவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்க. அதைச் சொன்னால் படத்தில் வாப்பா யாராவார் என்று அவன் யோசித்தான். பொய் சொன்ன மேசன். வாப்பா அன்றைக்குக் கதிரையில் உட்கார்ந்து அதைத்தான் சொல்ல வந்தாரா, அதைச் சொல்லாமல் இருக்கத்தான் எழும்பினாரா என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. கமராவுக்குப் பின்னால் நின்று தான் உதட்டை அசைத்தது நினைவு வந்தது.

"மிஸ்," என்றான். "ஸேரோட வசனம் வேணாம்."

"ஏன், பிடிக்கல்லியா?"

"அவங்க அன்பா பாக்கல்ல. சும்மா பாத்தாங்க. சுவர் எப்படி நிக்கிதுன்னு பாத்தாங்க. ஒரு பேச்சும் இல்லாம அப்படியே போடுங்க. பாட்டும் வேணாம்."

"நாலு நிமிசம் சத்தமே இல்லாமலா? டிரெக்டர் ஒத்துக்குவாரான்னு தெரியல்ல."

"ஒத்துக்கல்லன்னா எடுத்துருங்க. அவங்க இல்லாமலே போடுங்க. மூணு படம் அப்படித்தானே வந்திச்சு."

"நான் பேசிப் பாக்கிறேன்," என்றாள். பிறகு, "போட்டா, பேர் எப்படி எழுதணும்?" என்று கேட்டாள்.

"சாலிஹ். மேசன் பாஸ்."

"அவ்வளவுதானா? 'சாயும் சுவரைக் கட்டியவர்'னு போட்டா பாக்கிறவங்களுக்கு வெளங்கும்."

"அவ்வளவுதான், மிஸ்."

வீட்டுக்குள் பெண்களின் கூட்டம் குறைந்திருந்தது. உம்மா வெள்ளை உடுத்து உள் அறையில் இருந்தார். இனி நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து அங்கேதான். கதவுத் திரை பாதி விலகியிருந்தது. ஜிப்ரி வாசலில் நின்றான்.

"உம்மா, எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம் ஆஸ்பத்திரியில நின்னது யாரு?"

"வாப்பாதான். நான் முனவ்வராவோட வீட்டில. அவளுக்கும் சுகமில்ல." உம்மா அவனுடைய முகத்தைப் பார்த்தார். "ஏன்?"

"சும்மாதான்."

"போய் கைகாலக் கழுவு. மண்ணா இருக்கு," என்றார் உம்மா.

கழுவிவிட்டு வந்தபோது முனவ்வரா குசினியில் பாய் விரித்துச் சோறு போட்டிருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர் வீட்டு ஹவ்வா மாமி ஒரு பெரிய சட்டியில் சோறும், பருப்பும், உலர்த்திய இறைச்சிக் கறியும் அனுப்பியிருந்தார். பசியில்லை என்று சொல்லத்தான் ஜிப்ரி உட்கார்ந்தான். ஒரு கவளம் வைத்தான். பிறகு இன்னொன்று. காலையில் ஹோட்டலில் குடித்த வெறுந்தேத்தண்ணிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது கைக்குத்தான் முதலில் தெரிந்தது. தட்டைத் துடைத்துத் தின்றான். அக்கா கேட்காமலேயே இன்னும் வைத்தாள். அதையும் தின்றான். கறியின் உறைப்பில் மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டான். உள் அறையில் உம்மா ஓதுவதை நிறுத்தியிருந்தார். குசினியில் நடப்பதை அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கா, ராத்தா?"

முனவ்வரா அவனைப் பார்க்கவில்லை. சட்டியைச் சரித்து, அடியில் ஒட்டியிருந்த சோற்றை அகப்பையால் சுரண்டத் தொடங்கினாள்.